உட்காராத பிள்ளையும் ஒரே விதியும்

'இங்க எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க மேடம். ஏழை பணக்காரன், அந்தச் சாதி இந்தச் சாதி, எதுவும் நாங்க பாக்கறதில்ல.'

நாமக்கல் பக்கம் ஒரு பெரிய உறைவிடப் பள்ளியின் அலுவலக அறையில் இந்த வார்த்தையைக் கேட்டேன். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை பேர் அடிபட்டு, செத்து வாங்கிய வார்த்தை அது. ஆனால் எங்களோடு வந்திருந்த பதினைந்து வயதுப் பையன், என் அக்கா மகன், அப்போது நாற்காலியில் இல்லை. எழுந்து போய், முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படம் மாட்டியிருந்த பலகையின் திருகாணியை நகத்தால் திருகிக்கொண்டிருந்தான். நிர்வாகி அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார்: 'காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடி உக்காரணும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும். நடுவுல எந்திரிக்கறது, சுத்தறது கிடையாது. எல்லாருக்கும் ஒண்ணுதான்.'

எல்லாருக்கும் ஒரே விதி என்பது எப்போது நீதி, எப்போது அநீதி? இது தத்துவம் படிக்கிறவர்கள் சாவகாசமாக விவாதிக்கிற கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கோ ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் ஜலகண்டாபுரம். ராத்திரியிலும் தறிச்சத்தம் ஓயாத ஊர். சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். அக்கா கூலிக்குத் தறி ஓட்டுகிறது. மாமா கிணறு வெட்டப் போய் முதுகு ஒடிந்து நாலு வருசமாக வீட்டில் கிடக்கிறார். குடும்பத்தில் எம்.ஏ. வரைக்கும் போனது நான் ஒருத்திதான். 'நீ படிச்சவ. நீ பாத்து ஒரு நல்ல எடத்துல சேத்துவுடு பாப்பா' என்று அக்கா பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டது. தமிழ் படித்தவளுக்கு உலகமே தெரியும் என்று அதற்கு நினைப்பு.

பையன் பத்தாவதில் 500க்கு 291. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனுக்குப் பள்ளியில் வைத்த பெயர்களைச் சேர்த்தால் ஒரு நிகண்டே எழுதலாம். அடங்காதவன், வாலு, திமிரெடுத்தவன். 'காலனிப் பசங்களே இப்படித்தான்' என்று ஒருவர் வகுப்பில் சொன்னதாகச் சொன்னான். நோட்டைத் தொலைப்பான், கேள்வி முடியுமுன் பதில் சொல்வான், பரீட்சையில் நாலாம் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கேள்வியை விட்டிருப்பான். அடித்துப் பார்த்தார்கள். அக்காவும் அடித்தது. நானும் ஒருநாள் அடித்தேன்.

கடைசியில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூன்று தடவை வரச்சொல்லி, சின்ன வயசிலிருந்து எல்லாம் கேட்டு, ஆசிரியர்களிடமும் எழுதி வாங்கி வரச்சொல்லி, அப்புறம்தான் மனநல மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னார். ஏடிஹெச்டி. கவனம் நிற்காமையும் அளவுக்கு மீறிய துடிப்பும். 'இவனுக்குக் கவனமே இல்லைனு நெனைக்காதீங்க. வேணுங்கற எடத்துல வேணுங்கற நேரம் அதை நிறுத்தி வைக்கறதுதான் இவனுக்குக் கஷ்டம். வேணும்னு பண்றதில்ல.' அக்கா வெளியே வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டுச்சு: 'அப்ப என் புள்ள பொறுக்கி இல்லியா பாப்பா?'

மருத்துவர் சொன்னதை அக்கா உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் தறி. ஞாயிற்றுக்கிழமை சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிற பையன், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், அக்காவுக்கு முன்னாலேயே எந்தத் தறியில் பாவு இழை அறுந்தது என்று திரும்பிவிடுவான். ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே. தார் தீரப்போகிற தறிக்கு முன்னாடியே போய் நிற்பான். புத்தகத்தின் முன் பத்து நிமிடம் நிற்காத அதே கவனம். பட்டறை முதலாளியும் இதைக் கண்டுபிடித்துவிட்டார். 'படிப்பு ஏறாதவனை எதுக்கு வதைக்கிற? கையில தொழில் இருக்குது. எங்கிட்ட விடு, நாலு தறி தனியா ஓட்டுவான்.'

அன்போடு சொன்னதுதான். 1953இல் ராஜாஜி அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோதும் அதில் பிள்ளைகள் மேல் அன்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்து, 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்ட வரலாறு நமக்குத் தெரியும். 'இவன் கை வேறு, இவன் மூளை வேறு' என்ற பேச்சு எந்த வாசல் வழியாக வந்தாலும் நம் முதுகெலும்பு நிமிர்ந்துகொள்வது அதனால்தான்.

என் சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பக்கம், எல்லாரும் ஒன்று என்று சொல்லி இந்தப் பையனை நசுக்குகிற பள்ளி. இன்னொரு பக்கம், இவன் வேறு என்று சொல்லித் தறிக்கு இழுக்கிற முதலாளி. சாதி என்பதே மனிதர்கள் பிறவியிலேயே வேறுவேறு என்கிற தத்துவம்தானே? அதை மறுத்தே வாழ்ந்தவர்கள், ஒரு பிள்ளை பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு தோழர் என்னைக் கடிந்துகொண்டார். 'இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வேலை. நம்ம புள்ளைங்க மேல குத்துன முத்திரை போதாதா? நீ வேற புதுசா ஒண்ணு குத்தறியா?' அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, அவர்களிடம் குறைபட்டிருப்பது ஒழுக்கக் கட்டுப்பாடு என்றார். அதே பிரிட்டிஷ்காரன் 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டு, சில சாதிகளுக்குக் குற்றம் பிறவிக் குணம் என்று எழுதிவைத்தவன். சென்னை மாகாணத்துக்கு அது 1911இல் வந்தது. இன்றைக்கும் சீர்மரபினர் பட்டியலில் சேலம் என்ற ஊர்ப்பெயரைச் சுமந்தபடி குறவர் பிரிவுகள் இருக்கின்றன. உடம்புக்குள் ஒழுக்கத்தைத் தேடுகிற விஞ்ஞானத்தை நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

ஆனால் தோழருக்கு நான் சொன்ன பதில் இது. முத்திரை குத்தாவிட்டால் பிள்ளை வெறுமையாகவா இருக்கிறான்? திமிர் என்ற முத்திரை ஏற்கெனவே இருக்கிறது. மேல்தெருப் பையன் வகுப்பில் துள்ளினால் 'சுறுசுறுப்பு', அதிகமானால் டாக்டரிடம் காட்டுகிறார்கள். நம் பையன் துள்ளினால் சாதிப்புத்தி. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்த நோய்ப்பெயர் வெள்ளைப் பிள்ளைகளைவிட வெகு குறைவாகவே தரப்படுகிறது என்று 2013இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதே நாட்டில் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுவதில் கறுப்பினப் பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள். வெள்ளைக்குப் பெயரும் மருந்தும், கறுப்புக்குத் தண்டனை. பெயர் வேண்டாம் என்று நாம் மறுத்தால் நம் பங்குக்கு மிஞ்சுவது தண்டனைதான்.

அம்பேத்கரிடம் போனேன். 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் அவர் இந்த இடத்தில் நழுவவில்லை. மனிதர்கள் சமமாக இல்லை என்பதை ஒத்துக்கொண்டே பேசுகிறார். பிறப்பால் வந்த உடல், சமூகம் கொடுத்த வாய்ப்பு, சொந்த முயற்சி என்று மூன்றாகப் பிரிக்கிறார். முயற்சியின் அளவுக்கு ஏற்றபடி வேறாக நடத்தினால் அதில் நியாயம் உண்டு. முதல் இரண்டுக்காக வேறாக நடத்தினால், ஏற்கெனவே முன்னால் நிற்கிறவன்தான் ஓட்டத்தில் ஜெயிப்பான். அவர் வாதத்தின் சாரம் இதுதான்.

இதைப் பல கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். இப்போதுதான் ஒரு இடத்தில் கால் தடுக்கியது. முயற்சி என்பது எங்கே ஆரம்பிக்கிறது? என் அக்கா மகன் இருபது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு பாடம் படித்தால், சட்டை நனைந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் அதே இடத்தில் மூன்று மணி நேரம் உட்காருவாள், அவளுக்கு அது வேலையே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவள் முயற்சிசாலி, இவன் சோம்பேறி. இந்தக் குறைபாடு பெரும்பாலும் பரம்பரையில் வருகிறது, வளர்ப்பால் வருவதில்லை என்பதில் ஆராய்ச்சியாளர்களிடம் இன்று பெரிய சண்டை இல்லை. அப்படியானால் முயற்சி செய்கிற சக்தியே உடம்போடு வந்தது. அம்பேத்கரின் மூன்றாவது, முதலாவதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது. உழைத்தால் முன்னேறலாம் என்று பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் சொல்கிறோமே, அந்த வார்த்தையால் அடிபடுகிற பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இடஒதுக்கீட்டைப் பாதுகாக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் அல்ல. ஒரே விதி என்று சொல்லித்தானே நம்மை எதிர்த்தார்கள்? எல்லாருக்கும் ஒரே கட்-ஆஃப், ஒரே நீட். 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதா 2017 செப்டம்பர் 1ஆம் தேதி செத்தது ஒரே தேர்வு என்ற அந்த நியாயத்தில்தான். நாம் கேட்டது வேறு மாதிரியான மனிதன் என்ற பட்டம் இல்லை. இடம் கேட்டோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதைத்தான் நியாயமான இணக்க ஏற்பாடு என்கிறது. ஆளை வெட்டி நாற்காலிக்குப் பொருத்தாமல் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவது. ஆனால் அந்தச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஹெச்டி என்ற பெயர் தனியாக இல்லை. 2013இல் தொடங்கிய பள்ளிச் சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் மட்டும் அது உண்டு. கண்டுபிடிக்கும்போது இருக்கிற பெயர் உரிமை கேட்கும்போது இல்லாமல் போகிறது. இன்னொன்று. அடிக்கக் கூடாது, மனதைப் புண்படுத்தக் கூடாது என்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பதினாலு வயது வரைக்கும்தான். பிளஸ் ஒன் பிள்ளை அந்த வேலிக்கு வெளியே நிற்கிறான்.

மறுபடி பள்ளிக்கு வருகிறேன். முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் மதிப்பெண்ணுக்கும் பேர் வாங்கி வெகுகாலமாகிறது. பிராய்லர் பள்ளிகள் என்று ஊரே சொல்லும், சொல்லிக்கொண்டே கடன் வாங்கிச் சேர்க்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாவது பாடம், பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடம் என்று ஓட்டினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025-26 முதல் அதுவும் இல்லை. அந்தப் பெரிய பள்ளியில் கேட்டது வருசத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அக்கா தோட்டை அடகு வைக்கத் தயாராக இருந்தது. மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் நிர்வாகி முகம் மாறியது. 'மாத்திரை போடற பையனை ஹாஸ்டல்ல வெக்கறது ரிஸ்க் மேடம். நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க.' எல்லாருக்கும் ஒரே விதி என்ற வீட்டுக்குள் நுழைய, பையன் தன் மூளையைக் கழற்றி வாசலில் வைக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா 2022இல் கள்ளக்குறிச்சி கனியாமூரில் பள்ளி விடுதியில் செத்த பிளஸ் டூ பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

இரண்டாவது பள்ளி சின்னது. நடத்துகிறவர் நம்மவர். சுவரில் அம்பேத்கர் படம், பாதிக் கட்டணம். எனக்கு மனசு விழுந்துவிட்டது. அவர் சொன்னார்: 'நம்ம பையன்னா நான் இன்னும் கண்டிப்பா இருப்பேம்மா. அம்பேத்கர் பதினெட்டு மணி நேரம் படிச்சார். இவனும் படிப்பான்.' பையன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பிடித்த மனிதரைக் காட்டியே அவனை அடிக்கப் போகிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர்தான் அவர். சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கடனை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றும்போது, அந்த முதுகு எப்படிப்பட்டது என்று பார்க்கத் தோன்றாத நல்ல மனிதர்.

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆறிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தவள். விடுதி நமக்குச் சின்ன விஷயம் இல்லை. அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா 1925இல் சோலாப்பூரில் விடுதி திறந்தது. இங்கே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். விடுதி இல்லையென்றால் நான் எம்.ஏ. இல்லை. சோற்றில் புழு இருந்தது, அதையும் தின்றேன். என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஒருத்தி இருந்தாள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். படிப்பு நேரத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். 'குரங்கு' என்று அவளுக்குப் பேர். பொறுப்பிலிருந்தவர் ஒருநாள் அவளை ஜன்னல் கம்பியோடு தாவணியால் கட்டி, 'இப்பத் தாவு பாக்கலாம்' என்றார். நாங்கள் முப்பது பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒன்பதாவதோடு போனவள் போனவள்தான். பல வருசம் கழித்து ஓமலூர் பேருந்து நிலையத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு ஒரு பொட்டலம் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. அவளுக்கு என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்து என்ன?

ஆகவே ஆதரவான விடுதி எது என்று தேடும்போது என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. இந்தப் பையன் எழுந்து நடக்கும்போது மற்ற முப்பது பேர் என்ன செய்வார்கள்? பொறுப்பில் இருப்பவர் அதற்கு முன் என்ன செய்து காட்டியிருப்பார்?

கடைசியாகப் பார்த்தது ஒரு அரசு விடுதி. அங்கே தங்கிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் படிக்க வேண்டும். 2025 ஜூலையில் எல்லா நல விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வந்ததே, அந்தப் பெயர்ப்பலகை பளபளவென்று இருந்தது. கக்கூஸ் கதவு பழசுதான். அக்கா மூக்கைச் சுருக்கியது. 'இங்கதான நீ புழுச்சோறு தின்ன?' வார்டன் எங்களிடம் அதிகம் பேசவில்லை. பையனைப் பார்த்து, 'நீ எப்படிப் படிச்சா உனக்கு ஏறுது?' என்றார். இத்தனை அலைச்சலில் இவனிடம் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. 'நடந்துக்கிட்டே படிச்சா ஏறுதுங்க சார். சத்தமாப் படிக்கணும்' என்றான். 'மொட்டை மாடி இருக்குது. மழைன்னா வராண்டா. மத்தவனுங்க தூங்கற நேரத்துல மட்டும் சத்தம் போடாத.' மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். 'நான் எட்டரைக்குத்தாம்மா வருவேன். சமையல்கார அம்மாகிட்ட குடுத்து வெச்சிருங்க, சோத்தோட குடுத்துரும்.' பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. அவருக்கு ஏடிஹெச்டி என்றால் என்ன என்றும் தெரியாது.

எந்தப் பிரிவு என்ற பேச்சு வந்தபோதுதான் எனக்கும் பையனுக்கும் சண்டை. அவன் தொழிற்பிரிவு, மின்சாரம் எடுக்கிறேன் என்றான். குலக்கல்வி என்று முதலாளியிடம் கத்தியவள் நான். என் பிள்ளை ஸ்குரூடிரைவர் பிடிக்கவா இத்தனையும் என்று கேட்டேன். 'அவரு சொன்னது அவருக்குத் தறி ஓட்ட ஆள் வேணும்னு, சின்னம்மா. நான் சொல்றது எனக்கு வயர் புடிக்கும்னு' என்றான். தொழிற்பிரிவு படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி இடம் இருப்பதை அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாசல் மூடவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவனுக்கு அது தெரிவதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஒருநாள் சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். மாத்திரை இரண்டு வாரம் தவறிப் போனதும் தெரிய வந்தது. முதல் தேர்வில் ஆங்கிலமும் கணக்கும் போய்விட்டது, செய்முறையில் முதல். 'கடனை ஒடனை வாங்கி நாமக்கல்லயே போட்டிருக்கலாமோ பாப்பா?' என்று அக்கா போன வாரம் கேட்டுச்சு. நான் பேசாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அவன் மொட்டை மாடியில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பையன்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.